பேசித் தீர்க்காத பம்பு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அம்மா வேளைக்கு மாத்திரை சாப்பிடுகிறாளா? நான் நலம்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் 'செய்து கற்றல்' குழு மூன்று மாதமாக வாயாலேயே பந்தல் போடுகிறது. மாணவர்கள் ஒரு பம்பைக் கழற்றிப் பார்க்கட்டும் என்றேன். கூட்டக் குறிப்பை ஏஐ எழுதியது. அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க எல்லோருக்கும் சம்மதமாம்!

"நான் சம்மதிக்கலையே, சார்?"

"அதுவே எழுதிடுச்சும்மா, விடுங்க," என்றார் குழுத் தலைவர்.

ஆத்திரம் தாங்காமல் மறுநாளே ஆறு மாணவர்களைப் பட்டறைக்கு அழைத்துப்போய்ப் பம்பைக் கழற்றவைத்தேன். அனுமதியில்லாமல் ஏன் செய்தாய் என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள். வேலை போகாது, பயப்படாதீர்கள்.

திரும்ப மாட்டிய பம்பு ஒழுகுகிறது. நாற்பது வருட மெக்கானிக் நீங்கள். வாஷரை எப்படிப் போடுவதென்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தாலும் போனை வைத்துவிடாதீர்கள்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் பெரியவள்