‘வ’ போட்ட தகடு

11 ஜூன் 1962, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தும் மூன்றாம் வகுப்புக்கு இன்னும் கரும்பலகை வரவில்லை. சுவரில் எழுதுகிறேன்.

சாயங்காலம் திருச்சியிலிருந்து திருப்பதி வந்தான். என் கொழுந்தன், பஸ் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். “மதினி, ஷெட்டுச் சாவி வேணும்” என்றான். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி புதுக்கோட்டையில் பொருட்காட்சி தொடங்குகிறதாம். அதில் என் வீட்டுக்காரருடைய காரை வைக்கக் கேட்கிறார்களாம்.

பட்டாளத்துக்காரன் கழித்துப்போட்ட சாமான்களை வாங்கி, இந்த வீட்டுக் கொல்லையில் அவரே செய்த ரேஸ் கார். இப்படி ஓடுமா என்று பார்க்கச் செய்தது, உலகத்தில் ஒன்றே ஒன்று. என்ஜின் பின்னால் இருக்கும். சோதனை ஓட்டத்தில் அன்னவாசல் ரோட்டுப் புளியமரத்தில் மோதி, அவர் போய் ஏழு வருஷம்.

சாவியை எடுத்துக் கொடுத்தேன். ஒன்றும் தோன்றவில்லை. ரசம் வைத்தேன்.

13 ஜூன்

பக்கத்து வீட்டுக் கண்ணாத்தாள் வேலியோரம் நின்று கேட்டாள். “புருசனைத் தின்ன வண்டியைத் தெருவுக்கு எடுக்க விடுறியே, ஒனக்கென்ன நெஞ்சா கல்லா?”

கல் என்றே இருக்கட்டும். கல்லுக்கு யாரும் ஆறுதல் சொல்ல வரமாட்டார்கள்.

24 ஜூன், ஞாயிறு

படுதாவை எடுத்தார்கள். உள்ளே எலி குட்டி போட்டிருந்தது. முன்பக்கம் நசுங்கி, வண்டி தரையோடு தரையாகக் கிடக்கிறது. அதைப் பார்த்தால் அழுவேன் என்று திருப்பதி பயந்திருப்பான். பின்னாலேயே நின்றான். எலிக்குட்டியை முறத்தில் வாங்கி வெளியே விட்டேன்.

அந்த வண்டியில் நான் ஏறியதே இல்லை. கேட்டால், “நீ ஒக்காந்தா ரோடு எங்கிட்டுத் தெரியும் குள்ளி? இரு, வழி பண்றேன்” என்பார். பஸ்ஸிலும் எனக்கு முன்சீட்டுக் கம்பிக்கு மேல் எதுவும் தெரியாது.

மோதியபோது கழன்ற சாமானெல்லாம் ஒரு சாக்கில் கிடந்தது. அதில் சின்னச் சின்ன இரும்புத் தகடுகள். வண்டி நேராக நிற்க ஸ்பிரிங்குக்கு அடியில் கொடுப்பதாம். சிலதில் ‘இ’ என்று கீறியிருக்கிறது, சிலதில் ‘வ’.

“ஈனா இடது, வானா வலது. அண்ணன் நமக்குச் சிரமமே வைக்கல” என்றான்.

‘வ’ போட்ட தகடு ஒன்று என் பெட்டியில் இருக்கிறது. வண்டியை இழுத்து வந்த அன்று, சாக்கிலிருந்து நானே எடுத்துச் சேலைக்கு அடியில் வைத்தது. ஊருக்கு நான் சொர்ணம். அவருக்கு மட்டும் வல்லி. ‘வ’ என்றால் வேறு என்ன?

1 ஜூலை

மழை இல்லை. தலைவலி.

8 ஜூலை, ஞாயிறு

நசுங்கியதைத் தட்டி நிமிர்த்திவிட்டான். தகடுகளைக் கொடுத்து நாலு சக்கரத்தில் நிறுத்தினான். வண்டி வலப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. கழற்றினான், மாட்டினான். மறுபடியும் சாய்ந்தது.

“வலது பக்கத்துக்கு ஒண்ணு கொறையுது மதினி. அது இருந்தாலும் நிமிராது போல. அண்ணன் கணக்கு அண்ணனுக்குத்தான் வெளிச்சம்.”

12 ஜூலை

பொருட்காட்சி ஆபீசர் வந்தார். சுற்றி வந்து பார்த்தார். “வண்டி நேரா நிக்கலைன்னா எடுத்துக்க மாட்டோங்க. ஜனம் சிரிக்கும்.”

ஜனம் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டது. ‘கிறுக்கன் செஞ்ச கோணவண்டி’ என்று சாவு வீட்டிலேயே ஒருத்தன் சொன்னான். நான் உள்ளே இருந்து கேட்டேன். வண்டி நேராக நின்றால், அந்த வாய் மூடும். எனக்கு இப்போது வேண்டியது அது ஒன்றுதான். வேறு எதுவும் வேண்டியிருப்பதாகத் தெரியவில்லை.

16 ஜூலை, திங்கள்

மூன்றாம் வகுப்புக்குப் பின்னம். சுவரில் கால், அரை என்று எழுதிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது.

கீரனூரில் அப்பாவின் பலசரக்குக் கடை. மிளகாய் மூட்டையில், வெல்லப் பானையில், எல்லாவற்றிலும் அப்பா பழைய எழுத்தில்தான் குறிப்பார். காலுக்கு ‘வ’. அரைக்கு ‘இ’. என் வீட்டுக்காரர் எனக்கு அத்தை மகன். சின்ன வயதில் கணக்குப் பழகியது அந்தக் கடையில்தான். திருப்பதி கடைப்பக்கமே வந்ததில்லை.

காலங்குலத் தகடு. அரையங்குலத் தகடு. அவ்வளவுதான்.

அப்ப அது எம் பேரு இல்லையா? ஏழு வருசமா ஒரு காலங்குலத்தையா பொட்டியில வச்சுப் பூட்டிக்கிட்டு இருந்தேன்? தீபாவளிக்குத் தீபாவளி எடுத்துத் தொடச்சு வேற வச்சேனே! சீ. எந்தப் பொம்பளையாவது இப்படி ஏமாறுவாளா? யாரும் ஏமாத்தலையே, நானால்ல—

பிள்ளைகள் “டீச்சர், அழிக்கவா?” என்று கேட்டார்கள். அழிக்கச் சொன்னேன்.

20 ஜூலை

சொல்லவில்லை. சொன்னால் வண்டி நிமிரும். எனக்கு அந்த ஒரு எழுத்தும் இருக்காது.

22 ஜூலை, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

“தம்பி, அது இடது வலது இல்ல. அரையும் காலும். அரையெல்லாம் முன்னாடி ரெண்டு பக்கமும் போடுங்க, காலெல்லாம் பின்னாடி போடுங்க. அங்கிட்டு என்ஜின் கனம் இருக்குல்ல, அதுக்குத் தனி ஸ்பிரிங் போட்டிருக்கேன்னு அவரே சொல்லியிருக்காரு.” பெட்டியிலிருந்த தகட்டையும் கொண்டுவந்து கொடுத்தேன். எங்கே கிடந்தது என்றான். “சும்மா கிடந்துச்சு” என்றேன்.

மத்தியானத்துக்குள் வண்டி நிமிர்ந்து நின்றது. அவன் குந்தி உட்கார்ந்து, கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அண்ணனுக்கான அழுகையை இவ்வளவு நாள் எங்கே வைத்திருந்தானோ! நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். எனக்கு அழுகை வரவில்லை.

5 ஆகஸ்ட்

பச்சைப் பெயின்ட் அடித்தாயிற்று. சீட்டு மாட்டும்போது கூப்பிட்டான்.

“டிரைவர் சீட்டுக்கு அடியில ஒண்ணும் இல்ல மதினி. பக்கத்துச் சீட்டுக்கு மட்டும் கட்டை கொடுத்திருக்கு. ரெண்டும் ஒசரம் ஒத்துப்போகல, பாக்க நல்லாருக்காது. எடுத்துறவா?”

கட்டையைத் திருப்பிப் பார்த்தேன். ‘வ’. பள்ளிக்கூட அடி ஸ்கேலை வைத்து அளந்தேன். மூன்று அங்குலம். கால் அடி. இன்னொரு தடவை ஏமாற மாட்டேன்.

“போட்டது போட்டபடி இருக்கட்டும்” என்றேன்.

15 ஆகஸ்ட், புதன்

வண்டியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். பலகையில் ‘வடிவமைத்துச் செய்தவர்: ஆத்மநாதன்’ என்று பெரிதாக எழுதியிருந்தது. திருப்பதி முன்பக்க மூடியைத் தூக்கிக் காட்ட, “என்னடா, என்ஜினைக் காணோம்!” என்று ஒரு கூட்டம் பின்பக்கம் ஓடியது. கோணல் என்று ஒருவரும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே நின்றேன்.

போட்டோ எடுக்க வந்தவர் யாராவது உள்ளே உட்கார வேண்டும் என்றார். திருப்பதி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, “மதினி, நீங்களும் ஏறுங்க” என்றான். நல்ல காரியத்தில் நான் எதற்கு என்று பின்வாங்கினேன். “ஏறுடி, எவ என்ன சொல்லிருவா பாத்துக்கிறேன்!” என்று முதுகில் கை வைத்துத் தள்ளியது யார்? கண்ணாத்தாள்!

உட்கார்ந்தேன். பானெட்டு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். கண்ணாடி விளிம்புக்கு மேலே கயிறு தெரிந்தது. கூட்டம் தெரிந்தது. வாசல் தெரிந்தது. வாசலுக்கு வெளியே, அன்னவாசல் பஸ் திரும்பிப் போவது வரைக்கும் தெரிந்தது. நான் கழுத்தை நீட்டவே இல்லை.

கால் அடிதான். என் கால் அடி.

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை பேருக்கு முன்னால், வெட்கமில்லாமல். போட்டோக்காரர் கேமராவின் கறுப்புப் படுதாவுக்குள்ளிருந்து தலையை எடுத்தார். திருப்பதி பதறி, “என்ன மதினி? என்ன செய்யுது?” என்றான்.

“ரோடு தெரியுது தம்பி” என்றேன்.