டாக்சிக்காரர் வீட்டு ரொட்டி

என் வீட்டுக்காரர் ஜிலாலிக்கு யம்னா சலாம் சொல்லி எழுதுவது.

இங்கே அல்லாஹ் கிருபையால் நான் சுகம். அங்கே நீங்களும் சுகைனாவும் சின்னவன் அய்மனும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன்.

ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பீர்கள். ஃபோனை நம் மகள் உங்கள் கையில் விட்டால்தானே! இங்கேயும் ஓர் அறைக்கு ஆறு பெண்கள். நான் ‘வெங்காயம்’ என்றால் மற்ற ஐந்து பேரும் “எதுக்கு வெங்காயம்?” என்கிறார்கள். புருஷனுக்குச் சொல்ல வேண்டியதை ஊரைக் கூட்டிச் சொல்ல முடியுமா? கப்பலேறி நம் ஊர்ப் பக்கம் வரும் பேருந்துக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். இதைச் சுகைனாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதீர்கள். நீங்களே படியுங்கள்.

ஸ்ட்ராபெரித் தோட்டத்தில் நாள் முழுக்கக் குனிந்தே வேலை. ராத்திரி படுத்தாலும் முதுகு குனிந்தபடியே இருக்கிறது. குறை சொல்லவில்லை. முதலாளி டாக்சியை விற்று உங்களை வீட்டில் உட்காரவைத்த பிறகு நமக்கு வேறு வழி ஏது? ஆள் எடுத்தபோது சின்னப் பிள்ளை இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார்கள். பிள்ளை இருப்பவள் ஸ்பெயினிலேயே தங்கிவிடாமல் ஊர் திரும்புவாளாம். அய்மன் பெயரைச் சொன்னதும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது காதைக் கொடுங்கள். முட்டை அவிக்கத் தெரியாத மனிதர் கையில் வீட்டைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். கழிப்பறை கழுவும்போது ப்ளீச்சையும் ஆசிட்டையும் ஒன்றாக ஊற்றாதீர்கள். அந்தப் புகை நெஞ்சைப் பிடித்துவிடும். இரண்டையும் அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள், அய்மன் நாற்காலி போட்டு ஏறுகிறவன். கேஸ் சிலிண்டர் மாற்றினால் கசிகிறதா என்று அதன் வாயில் சோப்பு நுரை பூசிப் பாருங்கள், தீக்குச்சி கிழித்துப் பார்க்காதீர்கள். ஊறுகாய் எலுமிச்சை ஜாடியில் ஈரக்கை போட்டால் ஒரு வருஷத்து ஊறுகாயும் பாழ். வெள்ளிக்கிழமை குஸ்குஸ் ரவையை அவிக்கும்போது பானைக்கும் அதன்மேல் வைக்கும் சல்லடைத் தட்டுக்கும் நடுவில் ஈரத்துணியை இறுக்கிச் சுற்றுங்கள். இல்லாவிட்டால் ஆவி எல்லாம் வெளியே போய், குஸ்குஸ் மணலாக இருக்கும். தண்ணீர் தெளித்து மூன்று தடவை அவிக்க வேண்டும். இரண்டோடு நிறுத்தினால் சுகைனாவுக்கு வயிறு வலிக்கும், பிறகு ராத்திரி முழுக்க நீங்கள்தான் தடவிவிட வேண்டும்.

ரொட்டிதான் முக்கியம். விடிந்ததும் மாவு பிசையுங்கள். கை வலிக்கத் தொடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் பிசைய வேண்டும், அதற்கு முன்பே நிறுத்தினால் கல். தட்டிப் பலகையில் வைத்து, துணி போர்த்தி, தெருமுனை அடுப்புக்குக் கொடுத்தனுப்புங்கள். ஒவ்வொரு ரொட்டியின் நடுவிலும் பெருவிரலால் மூன்று குழி வைக்க மறக்க வேண்டாம். தெருவிலுள்ள எல்லா வீட்டு ரொட்டியும் ஒரே அடுப்பில்தானே வேகிறது! அடுப்புக்கார அல்லால் அடையாளத்தைப் பார்த்துத்தான் பிரித்துக் கொடுப்பார். இமாம் வீட்டுக்கு ஓரத்தில் ஒரு கிள்ளு. எதிர்வீட்டுக் கெல்தூமுக்கு முள்கரண்டிக் கோடு. நம் வீட்டுக்கு என் பெருவிரல். கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து அதுதான்.

மாவில் நான் போடும் ஒன்றை மட்டும் எழுதமாட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் திரும்பி வந்து நான் என்ன செய்வது? அது இல்லாமல் வரும் ரொட்டியைத் தின்றுகொண்டு என்னை நினையுங்கள்.

கெல்தூம் என்றதும் நினைவு வந்தது. ஆண்பிள்ளை தனியாக அடுப்படியில் நிற்கிறான் என்றால் அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும். “ஐயோ பாவம், தள்ளுங்க ஜிலாலி, நான் செஞ்சு தரேன்” என்று வருவாள். புருஷனை விட்டுவந்து தையல் மெஷினோடு குடும்பம் நடத்துகிறவள், நல்லவள்தான். நல்லவள் நல்லவளாகவே இருக்கட்டும். சர்க்கரை கேட்டால் வாசலில் வைத்தே கொடுங்கள். கிண்ணத்தைத் திருப்பி வாங்க நீங்கள் போக வேண்டாம், சுகைனா போகட்டும்.

அய்மன் தூங்க அடம்பிடித்தால் என் பச்சை முக்காட்டைக் கொடுங்கள். துவைக்காமல் வைத்திருக்கிறேன்.

உங்கள் யம்னா

*

ஜிலாலிக்கு யம்னா சலாம்.

சுகமா என்று கேட்கவில்லை. சுகமாகத்தான் இருக்கிறீர்கள், படம் பார்த்தேன்.

சுகைனா அனுப்பிய படத்தைத்தான் சொல்கிறேன். மொட்டைமாடியில் அவளும் தம்பியும் ரொட்டிப் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். “எவ்வளவு அழகு பிள்ளைங்க!” என்று அறையில் எல்லோரும் ஃபோனைக் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். நான் பிள்ளைகளைப் பிறகுதான் பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டது கொடி. சட்டைகள் தலைகீழாகத் தொங்குகின்றன. நான் தோளில் கிளிப் போடுகிறவள். கீழ்விளிம்பில் கிளிப் போட்டு உலர்த்துகிறவள் அந்தத் தெருவில் ஒருத்திதான், அவள் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அது போகட்டும். பலகையில் இருக்கும் ரொட்டி யார் வீட்டு ரொட்டி? என் மூன்று குழி எங்கே? நடுவில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் கோடுகள். கிண்ணத்தைக் கவிழ்த்து அழுத்தி, பொறுமையாகக் கத்தியால் கீறிய வேலை. தையல்காரிக்குத்தான் அவ்வளவு பொறுமை இருக்கும். தன் வீட்டு அடையாளத்தைப் போட்டால் தெரு பேசும் என்று நமக்குப் புதிதாக ஒன்று கண்டுபிடித்துக் கொடுத்தாளா? என் மாவு, என் பலகை, நான் ஓரம் அடித்த துணி, அதன்மேல் எவளோ போட்ட வட்டம்! இங்கே குனிந்து பழம் பறித்துக்கொண்டிருக்கும்போது அந்த வட்டம்தான் கண்ணுக்குள் சுற்றுகிறது. காயையும் சேர்த்துப் பறித்துப்போட்டு மேஸ்திரியிடம் திட்டு வாங்கினேன்.

ரொட்டியும் உப்பியிருக்கிறது. என் காதில் பூச்சுற்ற வேண்டாம். டாக்சி ஓட்டின கைக்கு ஒரு மாதத்தில் அப்படி வராது.

வீட்டில் விவரம் தெரிந்தவள் ஒருத்தி வந்துவிட்ட பிறகு என் யோசனை தேவைப்படாது. ஆனாலும் சொல்லித் தொலைக்கிறேன். மாதுளைக் கறைக்கு முதலிலேயே சோப்புப் போட்டால் கறை நிலைத்துவிடும். துணியை இழுத்துப் பிடித்துக் கொதிநீரை உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும். ஆட்டுத்தோல் விரிப்பை வெயிலில் போடுங்கள், மயிர்ப்பக்கம் மேலே இருக்கட்டும். அய்மனின் காதுக்கு எண்ணெய் ஊற்றச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். யாராவது என்றால் யார் என்று தெரியும்.

அவன் இப்போது என் முக்காட்டைக் கேட்பதே இல்லையாமே! சுகைனா சொன்னாள். “அவன் வாப்பா காதப் புடிச்சிக்கிட்டுத் தூங்கிடறான் உம்மா” என்றாள். சந்தோஷம். முக்காட்டைத் துவைத்து மடித்து வைத்துவிடுங்கள்.

பதில் எழுதுங்கள். சுற்றி வளைக்காமல் எழுதுங்கள்.

யம்னா

*

என் வீட்டுக்காரர் ஜிலாலிக்கு யம்னா சலாம் சொல்லி எழுதுவது.

உங்கள் கடிதம் வந்தது. கழிப்பறைக்குப் போய்த் தாழ்போட்டுக்கொண்டு படித்தேன். சிரிப்பு வந்துவிட்டது, வெளியே வரிசையில் நின்ற பெண்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

முதல் நாள் ரொட்டியை அல்லால் கையில் தூக்கித் தட்டிப் பார்த்து, “யம்னா கை வச்ச ரொட்டியாய்யா இது? கதவு இடுக்குல வச்சா காத்துக்குக் கதவு சாத்தாது” என்றாரா! தெருவே சிரித்ததா! அதைக் கேட்டு, மட்டமான ரொட்டியில் என் மூன்று குழி இருந்தால் என் பெயர் கெடும் என்று நீங்களே வேறு அடையாளம் போட்டீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். டாக்சியின் ஸ்டீயரிங் வட்டம். ஒரு பெண்ணின் கை என்று நினைத்து நான் அழுதது உங்கள் ஸ்டீயரிங்கைப் பார்த்துத்தான். சட்டைக்குத் தோளில் கிளிப் போட்டால் அந்த இடம் கூம்பி நிற்கிறது என்று நீங்களே கண்டுபிடித்தீர்களாம். அதுவும் சரிதான், எத்தனை வருஷம் கூம்பிய தோளோடு உங்களை டாக்சி ஓட்ட அனுப்பியிருக்கிறேன்! கெல்தூமுக்கு என் சலாம் சொல்லுங்கள். வாசலில் வைத்தே சொல்லுங்கள்.

ஆனால் அந்தச் சிரிப்பு கதவைத் திறக்கும்வரைதான் இருந்தது. கடிதத்தின் மிச்சத்தைக் கட்டிலில் உட்கார்ந்து படித்தபோது வயிறு எரிந்தது. இப்போது அல்லால் உங்கள் ரொட்டியை எடுத்துக் காட்டி மற்ற வீட்டுப் பெண்களிடம் “டாக்சிக்காரர் வீட்டு ரொட்டியப் பாருங்கடி” என்கிறாராம். இமாம் வீட்டிலிருந்து பக்குவம் கேட்டு வந்தார்களாம். “அய்மன் தூக்கத்தில் சிரிப்பான் என்று எனக்குத் தெரியவே தெரியாது” என்று அதிசயப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். அந்தத் தெருவில், அந்த வீட்டில், அது எனக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் வண்டியிலிருந்து வந்து சாப்பிட்டுப் படுத்த பிறகு நான் ஒருத்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

வேறொருத்தி என்றால் குடுமியைப் பிடித்து இழுத்துத் தெருவில் விட்டிருப்பேன். உங்களை என்ன செய்வது?

அறையில் இதைச் சொன்னால் யாருக்கும் புரியவில்லை. பக்கத்துக் கட்டில்காரி, “உனக்கு என்னடி குறை? எங்க வீட்டு ஆளுக்குத் தண்ணியக்கூட நான்தான் மொண்டு குடுக்கணும். புள்ளைங்களுக்குப் பேன் புடிச்சுக் கெடக்காம். உன் புருஷன் கையக் கண்ணுல ஒத்திக்க” என்கிறாள். அவள் சொல்வது சரி. பெருமையாகத்தான் இருக்கிறது. பெருமைப்பட்டுக்கொண்டே திரும்பிப் படுத்து அழுதேன்.

நேற்று ஃபோனில் சுகைனாவிடம், “என் ரொட்டிய நெனச்சுக்கிறியா கண்ணு?” என்று கேட்டேன். “வாப்பாவோடதும் நல்லாத்தான் இருக்கு உம்மா. சரி வாப்பாகிட்ட தரேன், பலகை எடுக்கப் போகணும்” என்று ஓடிவிட்டாள். பிறகு அய்மன் எங்கோ இடித்துக்கொண்டதாகச் சொன்னீர்களே, அவன் அழுத சத்தம் எனக்கும் கேட்டது. “வாப்பா” என்றுதான் அழுதான். இடித்துக்கொண்டால் ‘உம்மா’ என்று அழுகிற பிள்ளை அவன். அந்தப் பிள்ளை இருக்கிறான் என்றுதான் என்னை இங்கே எடுத்தார்கள்.

மாவில் நான் போடும் ஒன்றைச் சொல்லமாட்டேன் என்று எழுதியிருந்தேன். கேட்பீர்கள், கெஞ்சுவீர்கள் என்று பார்த்தேன். ஒரு வரியிலாவது அது என்ன என்று கேட்டீர்களா? சோம்பும் எள்ளும்தான். ஒரு கைப்பிடிச் சோம்பை இடித்து, எள்ளை வறுத்துப் போடுவேன். எழுதிவிட்டேன், வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் கடைசிப் பத்திக்கு வருகிறேன். “ஸ்ட்ராபெரி முடிந்து ராஸ்பெரி பறிக்கவும் ஆள் கேட்டால் தயங்காமல் அங்கேயே இரு, இங்கே எல்லாம் நன்றாக நடக்கிறது, எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம்” என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனதோடு எழுதியது என்று தெரியும். கூரை ஒழுகுகிறது, மழைக்கு முன் பூச வேண்டும், அந்தக் காசு வேண்டும், எல்லாம் தெரியும். மேஸ்திரியும் கேட்டுவிட்டார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் வெள்ளிக்கிழமை கேட்பார்.

அதனால் கேட்கிறேன். எல்லாம் நன்றாக நடக்கிறது என்று இனி எழுதாதீர்கள். குஸ்குஸ் மணலாகிவிட்டது என்று எழுதுங்கள். ஜாடியில் ஈரக்கை போட்டுவிட்டேன், ஊறுகாயில் பூஞ்சை பூத்துவிட்டது என்று எழுதுங்கள். பொய்யானாலும் பரவாயில்லை, நான் நம்புவேன். பொய் எழுத வராவிட்டால் ‘வா’ என்று ஒரு சொல் எழுதுங்கள், ஸ்ட்ராபெரி முடிந்ததும் முதல் பேருந்தில் ஏறிவிடுவேன். கூரைக்கு மேல் வேண்டுமானால் இந்த வருஷமும் பிளாஸ்டிக் தாள் போட்டுக்கொள்வோம்.

அப்படி நான் வரும் நாளில் என்னை அழைக்க யாரும் பேருந்து நிலையத்துக்கு வர வேண்டாம். வழக்கம்போல ரொட்டி தட்டுங்கள், எல்லாவற்றிலும் உங்கள் வட்டத்தையே போடுங்கள், உங்கள் பெயர் உங்களுக்கு இருக்கட்டும். ஒன்றே ஒன்றில் மட்டும் உங்கள் பெருவிரலால் மூன்று குழி வையுங்கள். பலகை எடுக்கச் சுகைனாவை அனுப்பாதீர்கள். நான் பெட்டியும் கையுமாக நேரே அடுப்புக்குத்தான் போவேன். அல்லால் என்னைப் பார்த்து யார் வீட்டு ரொட்டி என்று கேட்கக் கூடாது.

உங்கள் கைக்கு அல்லாஹ் பரக்கத் தரட்டும். என் கைக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

யம்னா