தண்ணீர் வந்த நேரம்

ஞாயிறு, இரவு பத்தரை

அவர் தூங்கிவிட்டார். வலது கை விரல்கள் இன்னும் மரத்துப்போய்த்தான் இருக்கின்றனவாம். டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்.

எலக்ட்ரீஷியன் இதோ வாரேன், அதோ வாரேன் என்று ஒரு மாதம் இழுத்தடித்ததால், சமையலறையில் மிக்ஸிக்கு பிளக் பாயிண்ட் வைக்க நாங்களே இறங்கினோம். மெயினை என் கண்முன்னால்தான் அணைத்தார். அணைத்துவிட்டு ஸ்டூல் மேல் ஏறி வயரை உரித்துக்கொண்டிருந்தார்.

பத்து நாளாக வராத தண்ணீர் அப்போது பார்த்து வந்தது. "ஏ செல்வி, தண்ணி வந்துருச்சு, மோட்டாரைப் போடு!" என்று பக்கத்து வீட்டு அக்கா கத்தினார். ஓடிப்போய் மோட்டார் சுவிட்சைப் போட்டேன். ஓடவில்லை. தண்ணீர் எங்கே நின்றுவிடுமோ என்ற பதற்றத்தில் மெயினைப் போட்டுவிட்டேன். உள்ளே ஸ்டூல் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது.

தரையில் கிடந்தார். முகம் வெளுத்திருந்தது. "மெயினை அணைச்சேன்னுல்ல நெனச்சேன். மறந்துருக்கேன் பாரு," என்றார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வெளியே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் முழுக்க அதையே சொல்லித் தன்னைத் திட்டிக்கொண்டார். சாப்பிடும்போது சொன்னார்: "நாளைக்கு மிச்ச வேலையை முடிச்சுருவோம். எனக்கு ஞாபகமே நிக்க மாட்டேங்குது. நீ மெயின்கிட்டயே நின்னுக்க. ஒன்னய நம்பித்தான் வயர்ல கை வைக்கப்போறேன்."

சரிங்க என்று சொல்லிவிட்டேன்.