உள்ளுக்கு ஒரு சும்மாடு

அம்மா,

நீ குடத்துக்கு அடியில் தலையில் வைக்கும் சும்மாட்டுத் துணியை இன்று சாயங்காலம் அத்தை பிரித்துக் கிழித்தாள். கிழித்ததை மடித்து எடுத்துக்கொண்டு தட்டி மறைவுக்குப் போனாள். அந்தத் துணியில் உன் தலை எண்ணெய் வாசம் இன்னும் இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்பாவுக்கு மில்லில் நைட் ஷிப்டு. அத்தை புரண்டு படுத்தால் விளக்கை ஊதி அணைக்கிறேன்; அவள் தூங்கியதும் ஏற்றி மறுபடி எழுதுகிறேன்.

நீயும் அப்படித்தான் துணி மடிப்பாய். தம்பி பிறந்த பச்சை உடம்போடு உன்னைக் கிணற்றுக்கு அனுப்பியவள் அத்தை. அதிலிருந்து கர்ப்பப்பை அடி இறங்கிவிட்டது. இருமினால் சேலை நனையும். உட்கார்ந்து எழுந்தால் முகம் சுளிக்கும். அப்பாவிடம்கூட நீ சொல்லவில்லை. டவுனில் பொம்பளை டாக்டர் இருப்பதை எங்கள் டீச்சரிடம் கேட்டு வந்து சொன்னது நான்.

யூனிபாரம் துணி எடுக்க என்று பொய் சொல்லி, பரளச்சியில் அருப்புக்கோட்டை பஸ் ஏறினோம்.

"ஏம்மா, இத வச்சுக்கிட்டா தண்ணி சுமந்த?" என்று டாக்டரம்மா அதட்டினார்.

"வெக்கமா இருந்துச்சு டாக்டரம்மா."

"வலிக்கு என்னம்மா வெக்கம்?"

இறங்கியதைத் தாங்க ரப்பர் வளையம் ஒன்றை உள்ளே வைத்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "மூணு மாசத்துல வந்து கழுவி மாத்தணும். வீட்ல யாரும் அதத் தொடக்கூடாது. பாப்பா, நீதான் கூட்டியாரணும்" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் நீ நெளியாமல் உட்கார்ந்திருந்தாய். "தலைக்கு ஒரு சும்மாடு, உள்ளுக்கு ஒரு சும்மாடு. இனி ரெண்டு குடம் தூக்குவேன்டி" என்று சிரித்தாய்.

நீ நிமிர்ந்து நடந்ததுதான் அத்தை கண்ணை உறுத்தியது. கேட்டாள். நீயும் ஒளிக்காமல், "உள்ள ரிங்கு வச்சிருக்காக மதினி" என்றாய். நர்சம்மாக்கள் வீடுவீடாக வந்து பிள்ளை வேண்டாமென்று வைக்கச் சொல்லும் லூப் அது என்று நினைத்துவிட்டாள்.

"எந்தம்பிக்கு ஒத்த ஆம்பளப்புள்ள போதும்னு நீ யாருடி சொல்ல?"

"அது இல்ல மதினி, இது தாங்குறதுக்கு..."

கதவைச் சாத்தினாள். உன் சத்தம் மட்டும் வெளியே வந்தது. வளையத்தைத் தன் கையாலேயே பிடுங்கி எடுத்தாள். ரத்தம் போனது, பின்னால் காய்ச்சல். "மாசத் தீட்டு, தானா அடங்கும்" என்று அப்பாவை நம்பவைத்தாள். ஆஸ்பத்திரிக்கு லாரியில் ஏற்றும்போது நீ கண் திறக்கவில்லை. அதற்கப்புறம் திறக்கவே இல்லை. "உங்கப்பன்ட்ட வாயத் தொறந்த, பள்ளிக்கூடத்த நிப்பாட்டிருவேன்" என்றாள் என்னிடம்.

இன்று அதே வாய், சும்மாட்டைக் கிழிப்பதற்குச் சற்று முன், என் காதோரம் வந்து குசுகுசுத்தது. "ஏ புள்ள, எனக்கும் உங்கம்மா மாதிரியே இறங்குது. அந்த டாக்டரு எங்கன இருக்காக?"

"மறந்துபோச்சு அத்தை."

அவள் முகம் செத்துப்போனது. பார்க்க எனக்கு இனித்தது அம்மா. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதை இன்னும் ரொம்ப நாள் பார்க்க வேண்டும் போலிருந்தது. உன் துணியைக் கிழித்த பிறகுதான் அது போதாது என்று தோன்றியது.

விடிந்ததும் ஞாபகம் வந்துவிட்டது என்று சொல்லப் போகிறேன். நானே கூட்டிப்போவேன். திரும்பி வந்து என்ன செய்வாளோ தெரியாது. பள்ளிக்கூடம் போனாலும் போகட்டும். அவள் கிழித்துப் போட்ட மிச்சத் துணியை என் பையில் வைத்துவிட்டேன்.

அத்தையை நீ படுத்த அதே கட்டிலில் படுக்கவைத்துவிட்டு டாக்டரம்மா என் பக்கம் திரும்புவார். "பாப்பா, உங்கம்மாவ ஏன் திருப்பிக் கூட்டியாரல?" என்று கேட்பார்.

நான் வாய் திறக்க மாட்டேன். திறக்கக்கூடாது என்று சொன்னவள் கட்டிலில் இருப்பாள். அவளே சொல்லட்டும்.