விஜயதசமியன்று ஓடிய பந்து இயந்திரம்

அன்புக்குரிய மாப்பிள்ளை கோதண்டத்துக்கு,

உங்கள் இரண்டாவது திதி வருகிற மாசியில் வருகிறது. நம் சங்கத்து ஆண்டு மலரில் உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நான் இயற்பியல் வாத்தியார், அதிலும் உங்கள் மனைவியின் அண்ணன், தப்பில்லாமல் எழுதிவிடுவேன் என்று நினைத்திருப்பார்கள். உங்கள் நல்ல குணங்களை வரிசையாக எழுதி முடித்தேன். படித்துப் பார்த்தபோது அதில் உண்மை இருந்தது, ஆனால் நான் எழுத வேண்டிய உண்மை அது இல்லை. கிழித்துவிட்டேன்.

இதை உங்களுக்கே எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும்.

ஆரணியில் கோல்ஃப் விளையாடியவர் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் தொண்ணூறுகளின் நடுவில் அந்த விளையாட்டுதான் நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. சென்னைக்கு வெளியே கோல்ஃப் பந்து செய்கிற ஒரு சின்ன கம்பெனியின் மேனேஜர், பெண் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தார். புடவைக்காரர் அவரை உங்கள் பட்டறைக்கு வேடிக்கை காட்ட அழைத்து வந்தார். பட்டு நூல் சுற்றும் உங்கள் இயந்திரம் நூல் அறாமல் ஓடுவதை அவர் நெடுநேரம் நின்று பார்த்தார். புடவையை மறந்துவிட்டார் என்று என் தங்கை சரோஜா சிரித்தாள்.

போகும்போது காரிலிருந்து ஒரு வெள்ளைப் பந்தை எடுத்து உங்களிடம் கொடுத்தார். அன்று சாயங்காலமே அதை மேஜை வைஸில் இறுக்கி, மேலோட்டை ரம்பத்தால் அறுத்தீர்கள். உள்ளே இருந்த ரப்பர் நூல் துள்ளித் துள்ளி அவிழ்ந்தது. பட்டறை முழுக்க நூல். சரோஜா வாசலில் நின்று பார்த்துவிட்டு, “இத்துனூண்டு பந்துக்குள்ள இம்மாம் நூலா? இத்த சுத்தினவனுக்கு ஊட்ல வேற வேலையே இல்லியா?” என்றாள். நீங்களோ நடுவில் இருந்த சின்ன ரப்பர் குண்டை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தீர்கள்.

அவர்கள் கஷ்டம் என்னவென்று நீங்கள் ஒரே முறை கம்பெனிக்குப் போய்ப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டீர்கள். நூல்கண்டு பெரிதாக இருக்கும்போது ரப்பர் நூல் சுலபமாக வரும். கண்டு இளைக்க இளைக்க இழுப்பு கூடும். அதனால் காலையில் சுற்றிய பந்து ஒரு மாதிரி, கண்டு தீரும் நேரத்தில் சுற்றிய பந்து கல் மாதிரி. நடுவில் நூல் அறுந்து முடிச்சுப் போட்டால் அந்தப் பக்கம் கனம். ஒரு பக்கம் கனத்த பந்தை எவ்வளவு நேராக அடித்தாலும் கோணிக்கொண்டு போகும்.

பட்டு நூலிலும் அதே தொல்லைதான். அதற்கு நீங்கள் முன்பே ஒரு வழி செய்திருந்தீர்கள். நூல்கண்டின் மேல் சாய்ந்துகொண்டிருக்கும் ஒரு சின்னக் கை. கண்டு இளைத்தால் கை இறங்கும். கை இறங்கினால் பிரேக் தளரும். இழுப்பு ஒரே அளவில் நிற்கும். பட்டுக்குச் செய்ததை ரப்பருக்கு மாற்ற உங்களுக்கு எட்டு மாதம் ஆனது. பட்டு நீளாது, ரப்பர் நீளும். அந்த வித்தியாசத்தில்தான் உங்கள் தூக்கம் போனது.

அந்த எட்டு மாதமும் என் வாழ்க்கையின் நல்ல மாதங்கள். ஓய்வு பெற்றவனுக்கு ஒரு வேலை கிடைத்தது. சென்னை நூலகத்தில் உட்கார்ந்து, இந்தப் பந்தின் சரித்திரத்தைக் குறிப்பெடுத்து வந்து உங்களுக்குச் சொல்வேன். முதலில் தோல் பைக்குள் பறவை இறகை வேகவைத்துத் திணித்துத் தைத்தார்கள். அப்புறம் மரப்பால் பந்து வந்தது. வழவழப்பான புதுப் பந்தைவிட, அடிபட்டு வடுப்பட்ட பழைய பந்துதான் தூரம் போகிறது என்று ஆடுகிறவர்கள் கவனித்தார்கள். அதற்குப் பிறகுதான் வேண்டுமென்றே பந்தில் குழி வைத்தார்கள். காற்று பந்தை விட்டு எங்கே பிரிகிறது என்று நான் சிலேட்டில் வரைந்து காட்டினேன்.

நீங்கள் கேட்டுவிட்டு, “அப்ப அடி வாங்கினதுதான் தூரம் போவுதுன்றீங்க. நானும் இன்னும் ரெண்டு அடி வாங்கினா அமெரிக்காவே போயிடுவேன் மச்சான்” என்றீர்கள்.

அண்டாவில் உப்பைக் கரைத்துப் பந்தை மிதக்கவிட்டுச் சோதித்தோமே. மேலே தெரிகிற இடத்தில் மையால் ஒரு புள்ளி வைத்து, பந்தைத் திருப்பி விடுவோம். ஒரு பக்கம் கனமான பந்து என்றால் அதே புள்ளி மறுபடி மேலே வரும். உங்கள் இயந்திரத்தில் சுற்றிய பந்தில் புள்ளி ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் நின்றது. அன்று நீங்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினீர்கள். அதற்கு முன்னும் பின்னும் நீங்கள் என்னைத் தொட்டதாக நினைவில்லை.

காப்புரிமைக்கு எழுதுவது என் பொறுப்பு. நீங்கள்தான் ஒப்படைத்தீர்கள். சட்டத்தைப் பற்றிய ஒரு சின்னப் புத்தகம் வாங்கி, பென்சிலால் கோடிட்டுப் படித்தேன். ஒவ்வொரு பாகத்தையும் வரைந்தேன், எண் போட்டேன். அந்தக் கையை ‘கை’ என்பதா, ‘நெம்புகோல்’ என்பதா என்று பதினைந்து நாள் யோசித்தேன். அரைகுறையாக இருந்தாலும் முதலில் ஒரு விண்ணப்பத்தைப் போட்டு வைக்கலாம் என்று அந்தப் புத்தகத்திலேயே இருந்தது. எனக்கு அரைகுறை பிடிக்காது. நாற்பது வருடம் பிள்ளைகளின் விடைத்தாளில் அரைகுறைக்குப் பாதி மதிப்பெண் போட்டவன் நான்.

இதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது.

உங்கள் பட்டறை வழக்கம் எல்லோருக்கும் தெரியும். புது இயந்திரம் எது செய்தாலும் சரஸ்வதி பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள் விஜயதசமியன்று கதவை அகலத் திறந்துவைத்து, அதுவரை சோதித்ததெல்லாம் கணக்கில்லை என்று, தெருவே பார்க்க முதல் ஓட்டம் ஓட்டுவீர்கள். வருகிறவர்களுக்குப் பொரி, கடலை, சரோஜா செய்த சுண்டல். மூடி வைத்து ஓட்டிய இயந்திரம் விளங்காது என்பது உங்கள் அப்பா காலத்து நம்பிக்கை.

அந்த மேனேஜரும் இனிப்புப் பெட்டியோடு வந்திருந்தார். கூடவே கம்பெனி மெக்கானிக், கழுத்தில் கேமரா. சரோஜா அவர்களை உள்ளே அழைத்து இலை போட்டாள். சாப்பிட்டு முடித்ததும் உங்களிடம், “அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துகிறாரு. நல்லா பக்கத்துல நிக்க வெச்சி ஓட்டிக் காட்டுங்க” என்றாள். வீட்டுக்கு வந்தவரிடம் வேறு எப்படிப் பேசுவாள்?

நீங்கள் ஓட்டினீர்கள். மெக்கானிக் குனிந்து குனிந்து படம் எடுத்தான். அந்தக் கையை மட்டும் நான்கு பக்கமும் எடுத்தான்.

நான் சுவரோரம் நின்று பொரி தின்றுகொண்டிருந்தேன். என் தோள்பையில் அந்தப் புத்தகம் இருந்தது. விண்ணப்பம் போடுவதற்கு முன் நாலு பேர் பார்க்க ஓட்டிக் காட்டினால் உரிமை போய்விடும் என்று அதில் எழுதியிருந்தது. அதன் கீழே நான் கோடு போட்டிருந்தேன். மாப்பிள்ளை, எனக்குத் தெரியும். அந்த இடத்தில் நின்றபோதே தெரியும்.

ஏன் சொல்லவில்லை? இத்தனை வருடம் விதவிதமாகப் பதில் தயாரித்திருக்கிறேன். பூஜை நாளில் ‘நிறுத்து’ என்று சொல்வது அபசகுனம் என்று நினைத்தேன். பெண் கொடுத்த வீட்டுக்காரன், மாப்பிள்ளையின் பட்டறையில் தெருவே பார்க்க அவரைத் தடுப்பதா என்று தயங்கினேன். நான் படித்ததில் தப்பு இருக்கலாம், நம் நாட்டுச் சட்டம் வேறாக இருக்கலாம் என்றும் தோன்றியது. எல்லாமே நிஜம்தான். ஆனால் எனக்குப் பயமாக இருந்தது என்பதுதான் இவற்றுக்கெல்லாம் அடியில் இருந்தது. எதைக் கண்டு பயம் என்று இன்றுவரை எனக்கே சொல்லத் தெரியவில்லை.

தீபாவளி கழித்து நாம் இருவரும் சென்னையில் ஒரு காப்புரிமை வக்கீலிடம் போனோம். என் படங்களைப் பார்த்து, நேர்த்தியாக இருக்கிறது என்றார். எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு சாதாரணமாக, இதை வெளியாள் யாராவது பார்த்திருக்கிறார்களா என்று கேட்டார். நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள்.

“ஊரே பாத்துச்சு சார். விஜயதசமிக்கு ஓட்டிக் காட்டுனோம். போட்டோகூட எடுத்தாங்க.”

அவர் பேனாவை மூடி வைத்தார். அவர் சொன்னதை நீங்கள் பாதிதான் கேட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஊர் பார்த்தது ஊருக்குச் சொந்தம், இனி அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம், கேட்க முடியாது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். அந்தக் கம்பெனியில் அதற்குள் உங்கள் இயந்திரத்தைப் போல நான்கு ஓடிக்கொண்டிருந்ததை நாம் பொங்கலுக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டோம். மேனேஜர் மறுபடி ஆரணிப் பக்கம் வரவில்லை. அடுத்த கல்யாணத்துப் புடவையை வேறு எங்கோ எடுத்திருப்பார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நீங்கள் ஜன்னலோரம் இருந்தீர்கள். பஸ் காஞ்சிபுரத்தைத் தாண்டியது. பிறகு முகத்தைத் திருப்பாமலே கேட்டீர்கள்.

“மச்சான், இந்தச் சட்டம் உங்களுக்கு முன்னயே தெரியுமா?”

“தெரியாது மாப்ளே.”

அவ்வளவுதான். ஒரே வார்த்தை. நான் பேசிய பொய்கள் மிகக் குறைவு. பொய் பேசவும் எனக்குத் தைரியம் போதாது. இதை மட்டும் தடுமாறாமல் சொன்னேன்.

நீங்கள் என்னை நம்பினீர்கள். யாரையாவது குற்றம் சொல்லாமல் உங்களால் இருக்க முடியவில்லை, பக்கத்தில் சரோஜா இருந்தாள். “இவதான் பக்கத்துல நிக்க வெச்சி ஓட்டிக் காட்டச் சொன்னா” என்று அன்று சாப்பிடும்போது ஆரம்பித்தீர்கள். அப்புறம் எந்தக் கல்யாணத்திலும் எந்தக் காதுகுத்திலும் அது ஒரு கதையாகிவிட்டது. “நம்ம ஊட்டு அம்மா ஒரு பிடி சுண்டலுக்குப் பந்து மிஷினையே குடுத்தனுப்பிச்சிட்டாங்க” என்பீர்கள். பந்தி சிரிக்கும். அவளும் சிரிப்பாள். முதல் இரண்டு மூன்று வருடம் சிரித்தாள். பிறகு அந்தக் கதை தொடங்கும்போதே எழுந்து அடுப்படிப் பக்கம் போய்விடுவாள்.

உங்கள் மேலும் எனக்குக் கசப்பு உண்டு, மாப்பிள்ளை. செத்தவரிடம் இதைச் சொல்வது முறையா என்று தெரியவில்லை. புத்தகம் படித்தவன் நான், படம் வரைந்தவன் நான். என்னை ஏன் இன்னொரு முறை கேட்கவில்லை? இன்னொரு முறை கேட்டிருந்தால் என் முகமே சொல்லியிருக்கும். உங்களுக்குப் படித்தவன்மேல் மரியாதை, கட்டினவள்மேல் இளக்காரம். அந்த இளக்காரத்தின் நிழலில் நான் பன்னிரண்டு வருடம் சௌகரியமாக உட்கார்ந்திருந்தேன்.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். இரண்டாயிரம் பிறந்த கொஞ்ச காலத்திலேயே நூல் சுற்றிய பந்தை உலகம் கைவிட்டுவிட்டது. இப்போது உள்ளே நூலே கிடையாது. கெட்டியான ரப்பர், அதன்மேல் அடுக்கடுக்காக வேறு பூச்சு. மட்டையின் தலையைக்கூட மரத்தில் செய்வதில்லை, உள்ளீடற்ற உலோகம். அந்தக் கம்பெனி மூடிவிட்டது. நீங்கள் செய்த அந்தச் சின்னக் கையின் நகல்கள் பழைய இரும்போடு போயிருக்கும். உரிமை கிடைத்திருந்தாலும் நாலைந்து வருடம்தான் ஆண்டிருப்போம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஆறுதலாக இல்லை. சரோஜா கேட்ட பேச்சுக்கும் பந்துக்குள் என்ன இருக்கிறது என்பதற்கும் என்ன சம்பந்தம்?

துக்க வருடம் முடிந்து, இந்த ஆயுத பூஜைக்குத்தான் பட்டறையில் மறுபடி விளக்கேற்றினாள். நான் போனபோது ஷட்டர் இறங்கியிருந்தது. உள்ளே தனியாகக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தாள். புழுங்கியது. கதவைத் திறக்கலாமே என்றேன்.

“தொறந்து வெச்சி ஒரு தபா பட்டது போதாதாண்ணா?”

அப்போதுதான் சொன்னேன். கற்பூரம் எரிந்து தீர்வதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். அவ்வளவு சின்ன விஷயம்.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். “பஸ்ஸுல உன்ன நேரா கேட்டாரா?”

கேட்டார் என்றேன்.

“நீ தெரியாதுன்னியா?”

ஆமாம் என்றேன்.

“சாவற வரைக்கும் என்னைச் சொல்லிகினே இருந்தாரு. நீ பக்கத்து எலைல உக்காந்து சாப்ட்டுகினு இருந்தே.”

மன்னித்துவிடு என்று சொல்ல வாய் எடுத்தேன். அவள் கேட்க விரும்பவில்லை. எல்லா இயந்திரங்களுக்கும் ஒவ்வொன்றாகப் பூ வைத்துவிட்டுத்தான் திரும்பினாள். “இத்த எங்கிட்ட சொல்லி இன்னாத்துக்குண்ணா? எனக்குத்தான் நான் ஒண்ணும் பண்லன்னு தெரியுமே. சிரிச்சாங்களே, அவுங்ககிட்டப் போய்ச் சொல்லு” என்றாள்.

எனவே இதை மலருக்குக் கொடுக்கிறேன். அது போதாது என்றும் தெரிகிறது. மலரை வாங்குகிறவர்கள் எல்லாரும் படிப்பதில்லை, சிரித்தவர்கள் எல்லாரும் வாங்குவதில்லை. மாசியில் உங்கள் திதிக்கு அவர்கள் அத்தனை பேரும் வருவார்கள். இலை போட்டு, பரிமாறுவதற்கு முன்னால், சரோஜாவைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு நான் எழுந்து நின்று இதைப் படிப்பேன். கடைசி வரி வரை படிப்பேன். அன்று பந்தியில் எனக்கு இலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: தெரியும், மாப்பிள்ளை.

இப்படிக்கு,
சரோஜாவின் அண்ணன்