திருப்பி வாங்கிய மாத்திரை

மார்ச் 12, வியாழன்

இன்று கம்பெனி பஸ்ஸில் என் வாய் சும்மா இருக்கவில்லை. வேலூர் ஆராய்ச்சிக் கூடத்தில் மகள் ஸ்டெல்லா செய்யும் வேலையைச் சொல்லிவிட்டேன். மெலனோமா என்கிற தோல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்தோடு கொலஸ்ட்ரால் மாத்திரையையும் சேர்த்தால், புற்று செல்கள் வளர்வது குறைகிறதாம். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

சாயங்காலம் ஷமீம் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஷூ தைக்கும் லைனில் என் பக்கத்து மிஷின்காரி. அவள் வீட்டுக்காரருக்கு உள்ளங்காலில் அதே நோய்.

“அக்கா, நீ போடுற கொலஸ்ட்ரால் மாத்திரை கொஞ்சம் குடுக்கா.”

அட்டையோடு கொடுத்துவிட்டேன். அப்போதுதான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த ஸ்டெல்லா அதைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

“லேப்ல தட்டுல வளர்த்த செல்லுலதான் பார்த்திருக்கோம் ஆன்ட்டி. மனுசங்களுக்கு ஒத்துக்குமான்னு எங்களுக்கே இன்னும் தெரியாது. டாக்டரைக் கேக்காம வேணாம். காலையில நானே கூட வர்றேன்.”

பெற்றவள் கொடுத்ததைப் பிடுங்குவதா என்று எனக்குச் சுருக்கென்றது. ஷமீமோ ஸ்டெல்லாவின் கையைப் பிடித்தவள் வெகுநேரம் விடவே இல்லை.

நாளைக்கும் பஸ்ஸில் பேசத்தான் போகிறேன். தெரியாததைத் தெரியாது என்று அவ்வளவு தைரியமாகச் சொன்ன என் பெண்ணைப் பற்றி.