மாலாவின் ஆறு கிராம்

10-2-97, திங்கள்
வெயில் இப்போதே ஏறிவிட்டது. மஞ்சள் காமாலை போய்விட்டதாக டாக்டர் சொன்னதால் மூன்று வாரம் கழித்து லேப். லிங்கராஜபுரம் பஸ்ஸில் உட்கார இடமில்லை, கால் நடுங்கியது. மதியம் மோர் சாதம். எண்ணெய் இன்னும் கூடாது.

லேபில் நானும் மாலாவும் ஜோடி. மூன்று படியில் ஒரு வெள்ளைத் தூள் செய்து வெள்ளிக்கிழமைக்குள் சாரிடம் கொடுக்க வேண்டும். நான் இல்லாத மூன்று வாரத்தில் முதல் இரண்டு படியையும் தனியாகவே முடித்திருக்கிறாள். பென்சால்டிஹைடு பழசு, முதல் தடவை ஒன்றுமே இறங்கவில்லையாம். ஆராய்ச்சி செய்யும் கிரிஜா அக்கா கடைசி மேஜைக்குக் கீழே இருக்கும் பிஸ்கட் டின்னைக் காட்டியிருக்கிறார். போன பேட்ச்சுக்காரர்கள் செய்து மீந்ததெல்லாம் அதில் இருக்கும், அவசரத்துக்கு எடுத்து நம்முடையது என்று கொடுத்துவிடலாம் என்றாராம். மாலா வேண்டாமென்று சொல்லி, புதுப் பாட்டில் வாங்கி மறுபடி முதலிலிருந்து.

நைட்ரிக் ஆசிட் பட்டு அவள் வலது கையில் மூன்று விரல் மஞ்சள்.
"உனக்குக் கண்ணுல, எனக்குக் கைல. பொருத்தம் பாத்தியா?"

ஆறு கிராம் மஞ்சள் படிகம். லேபிளில் இரண்டு பேர் பெயரும். நாளை அவள் அப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன், வாரக் கடைசி வரை வரமாட்டாள். மூன்றாம் படி என் பொறுப்பு. இந்தப் பேப்பரில் அவள் ஏற்கெனவே ஒரு தடவை ஃபெயில். இதுவும் போனால் வருஷம் போச்சு.
"பாத்துப் பண்ணுடி."
"சரிம்மா தாயே."

11-2, செவ்வாய்
படிகத்தை ஆல்கஹால், பொட்டாஷோடு கொதிக்கவிட்டேன். முதலில் ஊதா, பிறகு பழுப்பு. ஐஸில் வைத்ததும் உப்பாக இறங்கியது. நிறைய. சந்தோஷம். சிறகடிக்கும் உற்சாகமெல்லாம் இல்லை, பசிதான்.
வாங்க: கோடு போட்ட நோட்டு, சோப்பு, அம்மாவுக்கு வெற்றிலை.

12-2, புதன்
எழுதவே கை வரவில்லை.

உப்பை வெந்நீரில் கரைத்து, கறை போகக் கரி போட்டு, வடிகட்ட வேண்டும். வடிந்த தண்ணீரில் ஆசிட் விட்டால் வெள்ளைத் தூள் இறங்கும். அவ்வளவுதான் வேலை. மூன்று மணிக்குக் குழாய் நின்றுவிடும், அதற்குள் பாத்திரம் கழுவ வேண்டுமென்று அவசரம். இரண்டு வருஷப் பழக்கம், வடிதாளில் நிற்பது நமக்கு, கீழே இறங்குவது சிங்க்குக்கு. வடிந்த தண்ணீரைக் கை தானாகக் கொட்டியது. ஃப்ளாஸ்க்கைப் பளபளவென்று கழுவிக் கவிழ்த்தும் வைத்தேன். பிறகு தாளைப் பிரித்தேன். வெறும் கரி.

சிங்க் ஓட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். குழாய் அதற்குள் நின்றுவிட்டது. மூன்று வாரம் அவள் உழைத்தது. நான் செய்த ஒரே வேலை அதைக் கொட்டியது.

13-2, வியாழன்
காய்ச்சல் போல இருக்கிறது, காய்ச்சல் இல்லை. மறுபடி செய்ய நாளில்லை, நாளை கொடுத்தாக வேண்டும். சாரிடம் சொன்னால் இருவருக்கும் பூஜ்யம்.
கிரிஜா அக்கா: "இதுக்கா அழுவுற? எல்லாரும் பண்றதுதான்மா. அந்த டின்னுல நீல மூடி பாட்டில் இருக்கும் பாரு."
நீல மூடி. 5.2 கிராம். பழைய லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்தேன்.

14-2, வெள்ளி
சார் உருகுநிலை பார்த்தார். 150, புத்தகத்தில் இருப்பதேதான். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கன்னடத்தில், "சென்னாகிதே. வெரி குட்" என்றார். வகுப்பிலேயே எங்களுடையதுதான் அதிகமாம். அடுத்த பேட்ச்சுக்கு நோட்டீஸ் போர்டில் ஒட்ட, கவனிக்க வேண்டியவற்றை எழுதித் தரச் சொன்னார். கீழே இரண்டு பேர் பெயரும் போட வேண்டுமாம்.
தலையாட்டினேன். வேறு என்ன செய்ய. என்மேல் எனக்கே அருவருப்பு.

16-2, ஞாயிறு
மாதா கோவிலுக்குப் போனேன், ஜெபம் வரவில்லை. வந்து இதை எழுதினேன்:
1. பென்சால்டிஹைடு புதுசா என்று பார்.
2. நைட்ரிக் ஆசிட் ஊற்றும்போது புகை இழுக்கும் ஃப்யூம் ஹூட், கையுறை. சோம்பாதே.
3. அடுத்த படிக்குப் போகுமுன் உருகுநிலை பார்.
4. லேபிள் ஒட்டாமல் எதையும் வைக்காதே.
5. கரி போட்டு வடித்த தண்ணீரைக் கொட்டாதே. எல்லாம் அதில்தான் இருக்கிறது. தூள் கையில் வரும்வரை எதையும் கொட்டாதே. குழாய் நின்றாலும் பரவாயில்லை, கழுவாமல் கிடக்கட்டும்.
6. நேரத்துக்கு மதியச் சாப்பாடு சாப்பிடு.

17-2, திங்கள்
மாலா வந்தாள். அப்பாவுக்குத் தேவலை, இட்லி சாப்பிட்டாராம். 5.2 என்று கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஸ்டெல்லா, நான் பண்ணியிருந்தா இவ்ளோ வந்திருக்காதுடி."
அவள் கையெழுத்து நன்றாக இருக்கும். சார் கேட்ட தாளை அவளே பிரதி எடுப்பதாகச் சொன்னாள். தோல் உரியத் தொடங்கிய மஞ்சள் விரலால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தில் நின்றாள். என் தாளை எடுத்து இரண்டாம் தடவை படித்தாள்.
"எல்லாத்தையுமா கொட்டின?"
"ம்."
கடைசி மேஜைக்குக் கீழே ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஐந்தை ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். ஆறையும் எழுதினாள். கீழே என் பெயர், முழுசாக, இனிஷியலோடு. பக்கத்தில் அவள் பெயருக்கு இடம் இருந்தது. பேனாவை மூடினாள்.